எரிவாயுக் கலனுக்கு எது தீனி? காஞ்சிக் கழனிக்காரருக்கு ஒரு கணக்கு

ஒரு கிலோ பசுஞ்சாணம் சுமார் 40 லிட்டர் எரிவாயு தரும். பதம் பார்த்து அறுத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்த மக்காச்சோள சைலேஜ் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 லிட்டர் வரை தரும். சுமார் நாலைந்து மடங்கு. இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் கழனியில் பாதியை மக்காச்சோளத்துக்கு மாற்றிவிடலாமா என்று யாருக்கும் தோன்றும். எண்களில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்குதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் வட்டாரத்தில் எரிவாயுவுக்கென்றே மக்காச்சோளம் விதைப்பது பெரும்பாலோருக்கு ஒத்துவராது. ஒத்துவரும் சிலரும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முடிவுசெய்ய நிலம், தண்ணீர், மாடு, அடுப்பு ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். அதிலும் அடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மக்காச்சோளத்தை எரிவாயுத் தீனியாக்கிய பெருமை ஜெர்மனிக்கு உரியது. 2004இல் அங்கே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தைத் திருத்தி, பயிரிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கலன்கள் எழுந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமாகவே நிற்கிறது, குத்தகை ஏறிவிட்டது என்று அக்கம்பக்கத்து விவசாயிகளே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 2012இல் அரசு கடிவாளம் போட்டது. புதிய கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. அடுத்தடுத்த திருத்தங்களில் அந்த வரம்பு மேலும் குறைந்தது. அங்கே இந்தத் தொழிலைத் தாங்கி நின்றது இருபது ஆண்டுக்கு உறுதி செய்யப்பட்ட மின்கட்டணம். நம் ஊரில் அப்படி ஒரு கட்டணம் கிடையாது.

இங்கே மக்காச்சோளத்துக்கு வேறு போட்டியும் உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகள் அதை விடாமல் வாங்குகின்றன. 2023க்குப் பிறகு எத்தனால் ஆலைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. 2025-26க்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். இந்த விலையில் மணி முற்றிய கதிரைத் தொட்டிக்குள் தள்ள எந்த விவசாயியும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்.

ஒரு ஏக்கர் என்ன தரும்?

ஆப்பிரிக்கன் நெட்டை என்ற தீவன ரகத்தை எடுத்துக்கொள்வோம். எக்டேருக்கு 40 டன் பசுந்தீவனம் தரக்கூடியது. ஏக்கருக்குச் சுமார் 15 டன் என்று வைத்துக்கொள்ளலாம். டன்னுக்கு 150 கன மீட்டர் வாயு என்றால் 2,250 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 32 கன மீட்டர் வேண்டும். ஒரு ஏக்கர், ஒரு போகம், 70 சிலிண்டர். சைலேஜ் போடுவதில் வீணாவதைக் கழித்தால் 60.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு சிலிண்டர் போதும். மீதியை எரிக்க அடுப்பு எங்கே? சாண எரிவாயுவை வீட்டில் சிலிண்டரில் அடைத்து வைக்க முடியாது. அன்றைக்கு வந்ததை அன்றோ மறுநாளோ எரித்தாக வேண்டும். நாள் முழுக்க அடுப்பு எரியும் இடம் இருந்தால்தான் மக்காச்சோளக் கணக்கு நிற்கும்.

அதே ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 ரகங்கள் எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் கைக்கு அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 70 டன். நேப்பியரில் தண்ணீர் அதிகம், வாயு டன்னுக்குச் சுமார் 80 கன மீட்டர்தான். இருந்தும் 5,600 கன மீட்டர் வருகிறது. மக்காச்சோளம் ஒரே ஏக்கரில் இரண்டு போகம் எடுத்தாலும் இதை எட்டுவது கடினம். கரணை ஒருமுறை நட்டால் போதும். முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆண்டு முழுவதும் பச்சையாகவே கிடைப்பதால் சைலேஜ் குழி, தார்ப்பாய் எதுவும் வேண்டாம். குறை ஒன்றுதான்: கோடையிலும் போர்வெல் ஓட வேண்டும். சித்திரையில் கிணறு வற்றும் ஊரில் நேப்பியரை நம்பாதீர்கள்.

மக்காச்சோளத்துக்கு நேர் எதிரான பயம். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். ஏரிப் பாசனக் கழனிகளில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கி நிற்கும். நெல் தாங்கும், இளம் மக்காச்சோளம் இரண்டு மூன்று நாள் நீரில் நின்றாலே மஞ்சளாகிப் படுத்துவிடும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தள்ளி, சம்பா அறுத்த பின் தை, மாசியில் விதைப்பதே நல்லது. அப்போது அது நவரை நெல்லின் இடத்தைப் பிடிக்கிறது. வீட்டுக்கு அரிசி தரும் போகத்தை விட்டு அடுப்புக்கு வாயு தரும் போகமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வடிகால் உள்ள மேட்டுக்கொல்லை இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

படைப்புழுவையும் மறக்கக்கூடாது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த அமெரிக்கப் பூச்சி அந்த ஆண்டே பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் காடுகளைச் சூறையாடியது. இப்போது எல்லா மாவட்டத்துக்கும் பழகிவிட்டது. முளைத்த பத்தாம் நாளிலிருந்து குருத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பயிருக்குள் வர வேண்டாம்.

அறுக்கும் பதம்

இத்தனைக்கும் பிறகு மக்காச்சோளம்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு: பணமும் வாயுவும் அறுப்பில்தான் இருக்கின்றன. சீக்கிரம் அறுத்தால் தண்ணீரைத்தான் சுமக்கிறீர்கள். தாமதமாக அறுத்தால் தண்டு மரமாகி, கலனில் நுண்ணுயிர் அதைக் கடிக்க முடியாமல் கிடக்கும். செடியில் உலர்பொருள் 28 முதல் 35 விழுக்காடு இருக்கும்போது அறுக்க வேண்டும். ஆய்வகம் எதற்கு? ஒரு கதிரை இரண்டாக ஒடித்து மணியைப் பாருங்கள். மணியின் மேற்பாதி மாவாக இறுகி, கீழ்ப்பாதி இன்னும் பாலாக இருந்தால் அதுதான் பதம். இன்னொரு சோதனை: நறுக்கிய தழையைக் கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். சாறு ஒழுகினால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். உருண்டை மெல்லப் பிரிந்தால் அன்றே அறுக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் பிந்திவிட்டது.

ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் துண்டு போகக்கூடாது. பெரிய துண்டு குழியில் காற்றைப் பிடித்து வைக்கும், கலனில் மிதந்து ஆடையாகப் படியும். குழியில் அடுக்கடுக்காகப் போட்டு டிராக்டரை மேலே ஓட்டி மிதிக்க வேண்டும். சிறிய அளவென்றால் பிளாஸ்டிக் டிரம்மே போதும், கால் வலிக்க மிதிக்க ஆள்தான் வேண்டும். மூடிய பிறகு ஒரு மாதமாவது திறக்காதீர்கள். திறந்ததும் இனிப்பும் புளிப்புமான வாசனை வர வேண்டும். கருத்தும் பூஞ்சை பிடித்தும் இருந்தால் அந்தப் பகுதியை எருக்குழிக்குத் தள்ளுங்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

கலனுக்குள் போடுவதிலும் நிதானம் வேண்டும். நம் ஊர் தீனபந்து கலனும் மிதக்கும் டிரம் கலனும் சாணக் கரைசலுக்காக வடிவமைத்தவை. கலக்கி கிடையாது. அவற்றில் சைலேஜை வாரிக் கொட்டினால் ஒரு வாரத்தில் புளித்து, நீலச் சுவாலை மங்கி, அடுப்பு அணைந்துவிடும். பத்துப் பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு சைலேஜ் என்று தொடங்குங்கள். கரைசலின் கார அமிலநிலை 6.8க்குக் கீழே இறங்கினால் சைலேஜை நிறுத்திவிட்டு வெறும் சாணம் ஊற்றுங்கள். மக்காச்சோளத்தை மட்டுமே தின்னும் கலன் நாளடைவில் கோபால்ட், நிக்கல் போன்ற நுண்தாதுக்கள் இல்லாமல் சோர்ந்துபோகும் என்பது ஜெர்மனிக்காரர்கள் கண்ட பாடம். சாணத்தில் அவை இயல்பாகவே உண்டு.

யாருக்கு எது?

நான்கைந்து மாடு வைத்திருப்பவருக்குக் கேள்வியே இல்லை. நாளைக்கு 50 கிலோ சாணம், 2 கன மீட்டர் கலன், மாதத்துக்கு இரண்டு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவான வாயு. வீட்டுச் சமையல் முடிந்தது. இவர் மக்காச்சோளம் போடலாம், ஆனால் மாட்டுக்குப் போடட்டும். மாட்டின் வயிறுதான் முதல் கலன், அதில் பால் கறந்துகொண்டு மிச்சத்தைச் சாணமாக இரண்டாவது கலனுக்கு அனுப்பலாம். நேராகத் தொட்டியில் போட்டால் வாயு கூடுதலாக வரும், பால் வராது. ஆவின் காசோடு ஒப்பிட்டால் எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிடவும் நல்ல வழி ஸ்வீட் கார்ன் அல்லது பேபி கார்ன். கதிர் சென்னைச் சந்தைக்குப் போகும், தட்டை அப்போதும் பச்சையாகவே இருக்கும். அது மாட்டுக்கு, மாடு கழித்துப்போட்டது கலனுக்கு.

கல்யாண மண்டபம், உணவகம், கோயில் அன்னதானக் கூடம் நடத்துவோருக்கு மக்காச்சோளமும் வேண்டாம், நேப்பியரும் வேண்டாம். சோறும் காய்த்தோலும் கிலோவுக்கு 80 லிட்டருக்கு மேல் தரும், விலையும் இல்லை. 2022 பிப்ரவரியில் இந்தூரில் தொடங்கிய ஆலை நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்தே வாகன எரிவாயு எடுக்கும் திறன் கொண்டது. காஞ்சியின் சிக்கல் வேறு. இங்கே திருவிழா நாளில் மலை மாதிரி குவியும், மறுவாரம் ஒன்றும் இராது. 2019இல் அத்திவரதர் வெளியே இருந்த 48 நாளை நினைத்துப் பாருங்கள். கலனுக்கு விருந்தும் விரதமும் ஆகாது, தினமும் ஒரே அளவு தர வேண்டும். வைகாசி பிரம்மோற்சவத்தின் மிச்சத்தை எல்லாம் ஒரே நாளில் தள்ளினால் கலன் புளித்துவிடும். கலனைச் சாதாரண நாளின் அளவுக்குக் கட்டிவிட்டு, திருவிழா மிச்சத்தை உரக்குழிக்கு அனுப்புங்கள். வாழையிலையும் நார் பிரிக்காத மாலையும் உள்ளே போகக்கூடாது. மிதக்கும், சுற்றிக்கொள்ளும், குழாயை அடைக்கும்.

மக்காச்சோளம் உண்மையிலேயே பொருந்தக்கூடிய இடம் சாயப்பட்டறை. பட்டு நூலின் பசையை நீக்கவும் சாயமேற்றவும் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுவர, அடுப்பின் இழப்பையும் சேர்த்து, சுமார் 2.5 கன மீட்டர் வாயு தேவை. நாளைக்கு 400 லிட்டர் என்றால் 10 கன மீட்டர். சாணத்தில் மட்டும் எடுக்க 20 மாடு வேண்டும். பட்டறைக்காரருக்கு அத்தனை மாடு இராது. பாதிச் சாணத்தை விலைக்கு வாங்கி, மீதிக்கு நாளைக்கு 30, 35 கிலோ சைலேஜ் போட்டால் கணக்கு நேராகும். ஆனால் இந்த விகிதத்துக்குக் கலக்கி வைத்த கலன் வேண்டும், சாதாரணக் கலன் தாங்காது. ஒரு ஏக்கரில் ஒரு போகம் எடுத்தால் ஓராண்டுக்குப் போதும். பிள்ளையார்பாளையத்தின் நெருக்கமான தெருக்களில் இதற்கு இடம் கிடையாது. ஊருக்கு வெளியே பட்டறையும் கொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டுமே யோசியுங்கள். அதற்கும் முன்னால், மாடியில் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துத் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டால் வாயுத் தேவை ஏறத்தாழப் பாதியாகும். அந்தச் செலவு முதலில், மக்காச்சோளம் பிறகு. பட்டறைக் கழிவுநீரில் மட்டும் சாணத்தைக் கரைத்துவிடாதீர்கள். சோப்பும் சோடாவும் சாயமும் கலனின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும்.

பெரிய அழுத்தமேற்றிய எரிவாயு ஆலைக்குப் பயிர் விற்கலாமே என்பவர்களுக்கு: 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தில் அப்படிப்பட்ட ஆலைகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவு, கோழி எரு, வைக்கோல், நேப்பியர் என்று மலிவான சரக்கையே தேடுகின்றன. எழுத்தில் கொள்முதல் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு சென்ட்கூட விதைக்க வேண்டாம்.

வைக்கோலைப் பற்றி ஒரு வரி. நெல் ஊரில் அது மலிவு, ஆனால் சிலிக்காவும் லிக்னினும் நிறைந்தது, சிறு கலனில் செரிக்காது. மாட்டுக்கே போகட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் உங்கள் தொழுவத்துச் சாணத்தைத் தினமும் எடை போடுங்கள். அடுப்பு ஒரு நாளில் எத்தனை மணி எரிகிறது என்றும் குறித்துவையுங்கள். சாணம் அடுப்பை எட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் வேலியோரம் பத்து சென்டில் நேப்பியர் கரணை ஊன்றுங்கள். தீவன ரகங்களைப் பற்றிக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அதுவும் போதாமல், நாள் முழுக்க எரியும் அடுப்பும் வடிகால் உள்ள கொல்லையும் இருந்தால் மட்டும் தைப்பட்டத்துக்கு மக்காச்சோள விதை வாங்குங்கள்.