எந்த அரிசி வாங்கலாம்?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். "சோத்தை விட்டுட்டு எப்படிடா மூட்டை தூக்கறது?" என்றார். வீட்டில் படிப்பவன் நான் ஒருவன்தான், தேடிப் படித்தேன்.

உணவு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் அளவே கிளைசீமிக் குறியீடு. குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70-லிருந்து அதிகம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய ஆய்வில் 235 அரிசி ரகங்கள் 48 முதல் 92 வரை இருந்தன! காரணங்களில் முக்கியமானது அமைலோஸ் என்னும் மாவுப்பொருள். அது கூடுதலாக உள்ள அரிசி உதிரியாக வேகும், மெதுவாகச் செரிக்கும்.

ஆகவே, ஒட்டும் பச்சரிசியைவிட உதிரியான புழுங்கலரிசி மேல். குழைய விடாமல் வடிக்கணும். எந்த அரிசியானாலும் அளவு முக்கியம்; ஒரு கரண்டி சோறு குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டணும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அப்பா இன்றும் சோறுதான் சாப்பிடுகிறார், அளவாக. நாம் படித்தது வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேரட்டும்!