பனியன் நகரம் நிமிர மளிகைக் கடை என்ன செய்யலாம்?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தால், அது பத்திரிகையில் வருவதற்கு முன்பே நம் பற்று நோட்டில் வந்துவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி அன்றிரவே பாக்கியைத் தீர்க்கும் குடும்பம், பாதியைக் கொடுத்துவிட்டு மீதி அடுத்த வாரம் என்று சொல்லும். 25 கிலோ சிப்பமாக அரிசி எடுத்தவர் ஐந்து கிலோ போடச் சொல்வார். லிட்டர் கணக்கில் எண்ணெய் வாங்கியவர் கால் லிட்டர் பாக்கெட் கேட்பார். இரண்டு வாரம் இப்படி நடந்தால் ஊர் நிலவரம் என்னவென்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரைத் தூக்கி நிறுத்துவது அரசாங்கத்தின் வேலை, ஏற்றுமதியாளர்களின் வேலை என்று நாம் இருந்துவிடுகிறோம். வரியும் மின் கட்டணமும் நூல் விலையும் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தொழில் நகரத்துக்கு இயந்திரத்தைவிட முக்கியமானவர் தொழிலாளி. மந்தம் வந்தபோது அவர் ஊரில் தங்குகிறாரா, மூட்டை கட்டுகிறாரா என்பதில் நமக்கும் பங்கு உண்டு. ஆர்டர் திரும்பி வரும்போது டெய்லர் இல்லாவிட்டால் அந்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

2011இல் நாங்கள் செய்த தவறு

நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததால் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. உத்தரவு நியாயமானதே. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே உள்ள விவசாயிகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். சாயம் நின்றதும் துணி நின்றது; துணி நின்றதும் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாமே தள்ளாடின. குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

அப்போது மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் பயந்துபோய் ஒரே வாரத்தில் சில்லறைக் கடைகளுக்குக் கடன் சரக்கை நிறுத்தினோம். பழைய பாக்கி முழுவதும் வந்தால்தான் அடுத்த மூட்டை என்றோம். அதனால் பாக்கி வந்துவிட்டதா? இல்லை. சரக்கு இல்லாத கடைக்கு ஆள் வரவில்லை, கடை மூடியது, பழைய பாக்கியும் மொத்தமாகப் போயிற்று. நாலைந்து நல்ல கடைக்காரர்களை அப்படி இழந்தோம். அவர்களில் ஒருவர் பின்னாளில் வேறு ஊரில் செழிப்பாகக் கடை நடத்தியதைப் பார்த்தபோது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது நாங்கள் சொல்லும் வழி வேறு. மந்தம் தெரிந்தவுடன் பழைய பாக்கியை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி அப்படியே நிறுத்துங்கள். அதை எட்டு அல்லது பத்து வாரத் தவணையாகப் பிரியுங்கள். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும், ஆனால் அளவு எவ்வளவு சிறிதானாலும் கொடுங்கள். மொத்தக் கடை சில்லறைக் கடைக்கும், சில்லறைக் கடை குடும்பத்துக்கும் இதே முறையைக் கையாளலாம்.

ஒரு கணக்கு

கடனை ஏன் அளவோடு வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கடையில் 80 பற்றுக் குடும்பங்கள் என்று வையுங்கள். வாரத்துக்குக் குடும்பம் ஒன்றுக்கு 1,500 ரூபாய் சரக்கு. ஆக வாரப் பற்று 1,20,000. லாபம் நூற்றுக்கு எட்டு என்றால் 9,600. இரண்டு வாரப் பாக்கி விடுவது உங்கள் வழக்கம்.

மந்தத்தில் 20 குடும்பம் சொல்லாமல் ஊருக்குப் போகிறது. உங்களுக்கு நின்றது 60,000 ரூபாய். மீதமுள்ள 60 குடும்பத்தில் வார லாபம் 7,200தான். எட்டு வாரத்துக்கு மேல் உழைத்தால்தான் அந்த 60,000 திரும்பும். இதில் கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எதையும் நாம் கழிக்கவில்லை.

அதே கடைக்காரர் ஒரு வாரப் பற்றோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் 30,000. நான்கு வாரத்துக்குச் சற்று மேல் உழைத்தால் எழுந்துவிடலாம். ஆகவே நல்ல காலத்திலேயே ஒரு வாரம் என்ற வரம்பைப் பழக்கிவிட வேண்டும். கஷ்டம் வந்த பிறகு வரம்பு போட்டால் அது மனிதரை அவமதிப்பது போலாகிவிடும்.

ஊரின் பெயர்

2023 மார்ச்சில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போனில் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளை எடுத்து நம் ஊர் என்று ஒட்டியிருந்தார்கள். ஹோலிப் பண்டிகைக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. காவல்துறை இந்தியில் பேசி நம்பிக்கையூட்ட வேண்டி வந்தது.

அந்த வாரம் ஒரு சில்லறைக் கடைக்காரர் எங்களிடம் சொன்னார்: "நாலு வருசமா நம்ம கடைல வாங்கற பையனுங்க. கணக்கு எவ்வளவுன்னு கேட்டு ஆயிரத்து எழுநூறை எடுத்து வெச்சுட்டு, ஊருக்குப் போறேங்கறான். ஏன்டா தம்பின்னா செல்போனைக் காட்டறான். அட, நாலு வருசமா உன்னைய இங்க ஆராச்சும் அடிச்சாங்களான்னு கேட்டேனுங்க. தலையைக் குனிஞ்சுட்டு நின்னான்." அந்தப் பையன் போகவில்லை. அவனோடு அறையில் இருந்தவர்களும் போகவில்லை.

வடக்கத்தியார் கடன் வாங்கினால் ஓடிவிடுவார்கள் என்று நம்மில் சிலர் பேசுகிறோம். பயந்து ஓடும் நாளிலும் பாக்கியைத் தீர்க்க வந்தவன் அவன். ஓடிப்போன கணக்கு நம் நோட்டில் எல்லா ஊர்க்காரர் பெயரிலும் இருக்கிறது.

ஊரின் பெயர் விளம்பரப் பலகையால் மட்டும் வருவதல்ல. ஒரு தொழிலாளி சொந்த ஊருக்குப் போன் பேசும்போது என்ன சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது. மொழி தெரியாதவருக்கு எடை குறைத்துப் போடும் கடை ஒன்று இருந்தாலும் அந்தத் தெருவுக்கே கெட்ட பெயர். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குவதோடு, எடை காட்டும் பக்கத்தை வாங்குபவர் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சரக்கும் மாற வேண்டும். ஆட்டா, கடுகு எண்ணெய், மசூர் பருப்பு, சத்து என்று அவர்கள் சொல்லும் வறுத்த கடலை மாவு ஆகியவற்றைக் கடையில் வையுங்கள். இவை இல்லாததால் ஞாயிறன்று வேறு கடை தேடிப் போகிறவர், உப்பு புளியையும் அங்கேயே வாங்கிவிடுகிறார். கடுகு எண்ணெய் மட்டும் முதலில் அளவாக எடுங்கள். மந்தத்தில் தேங்கினால் நம் ஊர்க் குடும்பங்கள் அதை வாங்க மாட்டார்கள்.

ஒரே தொழிலை நம்பும் ஆபத்து

2020இல் கொரோனா, 2022இல் நூல் விலை, 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவிகித வரி என்று ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில்தான் விழுந்தது. புதுத் தொழில் தொடங்குவது நம் சக்திக்கு அப்பாற்பட்டது. மாவட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை விற்பது நம் சக்திக்கு உட்பட்டது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் உண்டு. காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் இருக்கின்றன. வெள்ளகோவிலில் முருங்கைக்காய்ச் சந்தை. அனுப்பர்பாளையம் பாத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறவை. இத்தனை இருந்தும் நம் கடைகளில் எங்கிருந்தோ வந்த டப்பா நெய்தான் முன்வரிசையில் நிற்கிறது. காதர்பேட்டைக்கு வெளியூரிலிருந்து வரும் ஜவுளி வியாபாரி பனியன் மூட்டையோடு ஒரு கிலோ ஊத்துக்குளி நெய்யும் வாங்கிப் போகும்படி நாம் செய்யலாமே.

சாயப்பட்டறைக்காரர்கள் பெரும் செலவு செய்து, கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் ஊருக்கு அவமானமாக இருந்த விஷயத்தைச் சொல்லியே வெளிநாட்டில் ஆர்டர் கேட்க முடிந்தது. ஆனால் நாம்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையை இன்னும் கல்லாவுக்கு அடியில் வைத்துக் கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஜம்மனை ஓடைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் நம் கடைப் பைகளை நாமே அடையாளம் காணலாம். பட்டறைக்காரரைக் குறை சொல்லப் பாலத்தின் மேல் நமக்கு இடமில்லை.

இவற்றில் இரண்டை இந்த மாதமே தொடங்கலாம். ஒன்று, ஒவ்வொரு தெருவிலும் கடைக்காரர்கள் கூடிப் பேசி, ஒரு வாரப் பற்று என்ற வரம்பை ஒரே தேதியில் அமலுக்குக் கொண்டுவருவது. ஒருவர் மட்டும் செய்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். இரண்டு, அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய் விலைகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டை ஒன்றைக் கடை முகப்பில் தொங்கவிடுவது. இந்தி எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் கடைக்கு வரும் பையன்களிடம் கேட்டால் அவர்களே எழுதித் தருவார்கள்.