அரங்கேற்றத்துக்கு முன் கால் சுளுக்கிய இளம் கலைஞருக்கு

பரதம் ஆடுபவரின் கணுக்கால் பெரும்பாலும் பாதம் உட்புறமாக மடங்கும்போதுதான் சுளுக்குகிறது. வெளிக்கணு எலும்பைப் பாதத்தோடு பிணைக்கும் நார் அப்போது நைந்தோ கிழிந்தோ போகிறது. வீக்கமும் வலியும் வெளியே தெரியும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மழுங்குவது வெளியே தெரியாது. வலி போன பிறகும், பயிற்சி செய்யாவிட்டால் அந்த உணர்வு முழுதாகத் திரும்புவதில்லை. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எலும்பு முறியவில்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. முழு ஓய்வு ஓரிரு நாளுக்கே. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவைத்தல் என்ற முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் திருத்திச் சொன்னார்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் மூன்றிலும் டாக்டர் சீட்டு இல்லாமலே பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். கலிபோர்னியாவில் 2014 முதல் 45 நாள் அல்லது 12 முறை வரை இதற்கு அனுமதி உண்டு. டெக்சாஸில் 2019 முதல், சிகிச்சையாளரின் தகுதியைப் பொறுத்து, 10 அல்லது 15 வேலை நாள். இன்சூரன்ஸ் நிறுவனம் டாக்டர் சீட்டு கேட்குமா என்பதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கால் கட்டைவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதுவது. பிறகு ரப்பர் பட்டையைப் பாதத்தால் வெளிப்புறமாகத் தள்ளுவது. அடுத்து குதிகாலை உயர்த்தி இறக்குவது, முதலில் இரு காலிலும், பின் ஒற்றைக் காலில். கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது, முதலில் கண் திறந்து, பின் கண் மூடி. இந்த வாரங்களில் முத்திரையும் அபிநயமும் ஜதி சொல்வதும் உட்கார்ந்தபடியே தொடரலாம்.

அடவுகளும் படிப்படியாகவே திரும்ப வேண்டும். ஆழம் குறைந்த அரைமண்டியில் முதல் காலத் தட்டடவு, அடுத்து நாட்டடவு, அதன்பின் குதித்து மெட்டு, இறுதியில் முழுமண்டி. பேஸ்மென்ட் கான்கிரீட்டின் மேல் நேராகத் தட்டுவது குணமாகும் காலுக்குக் கேடு, மரத்தளமே ஏற்றது.

அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிவாகியிருக்கலாம், பத்திரிகையும் அடித்திருக்கலாம். ஆனாலும் கண் மூடி ஒற்றைக் காலில் நிற்கையில் அடிபட்ட கால் மற்றதற்கு இணையாக நிற்காதவரை, தேதியைத் தள்ளிவைப்பதே சரி.