யாளி வரைந்து நீட்டுபவரிடம் என்ன சொல்வது?

சிறுவர் நூல் பதிப்பகம், அனிமேஷன் ஸ்டூடியோ, கேம் கம்பெனி என்று ஓவியர்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும் இது அடிக்கடி நடக்கும். ஜூனியர் ஒருவர் கலர் பென்சிலில் வரைந்த யாளியை மேசையில் வைத்து, "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று நிற்பார். "சூப்பர்" என்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "என்னமோ குறையுது" என்றால் அன்றிரவு தூக்கம் கெடும், படம் மாறாது.

முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை. கணினியில் வரைந்தது என்றால் ஒரு லேயரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கலர் பென்சில் அப்படி விடாது. தாளின் சொரசொரப்பில்தான் நிறம் பிடிக்கிறது. அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் அந்தச் சொரசொரப்பு அடைபட்டுப்போகும், அதற்குமேல் புது நிறம் ஏறாது. அடர்நீலத்தின்மேல் வெள்ளைப் பென்சிலை எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும். முடிந்த படத்தைப் பார்த்து, "கண்ணுல வெள்ளையை அப்படியே விட்டிருக்கலாமே" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அடுத்த படத்துக்கான பாடம். இந்தப் படத்துக்கு வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அதனால் கோட்டோவியமாக இருக்கும்போது ஒரு முறையும், மெல்லிய நிறங்கள் ஏறியதும் ஒரு முறையும் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ஒரேயொரு முறை பார்த்துக் குறை சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கோட்டோவியத்தில் பேச வேண்டியது உடலமைப்பு. "கற்பனை மிருகம்தானே, எப்படி இருந்தா என்ன" என்று விட்டுவிடக்கூடாது. ஸ்டார் வார்ஸ் படத்துக்காக (1999) உயிரினங்களை வடிவமைத்த டெரில் விட்லாட்ச் விலங்கியல் படித்தவர். கற்பனை விலங்குக்கும் எலும்பும் தசையும் ஒத்துப்போனால்தான் பார்ப்பவர் நம்புவார்.

யாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க உடல், யானைத் துதிக்கை, தந்தம். யானையின் மண்டையோட்டில் மூக்குத் துளை கண்களுக்கு இடையே, மேலே இருக்கிறது. தந்தம் என்பது மேல்தாடையின் வெட்டுப்பல். சிங்கத்துக்கோ அந்த இடத்துக்கு அருகிலேயே பெரிய கோரைப்பல். இரண்டையும் ஒரே வாயில் வைக்க வேண்டுமானால் தாடையை அகலப்படுத்த வேண்டும், சிங்கத்தின் மூஞ்சியைக் குறுக்க வேண்டும். ஜூனியரின் படத்தில் துதிக்கை ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளித் தூண்களைப் பார்த்துவரச் சொல்லுங்கள். நெற்றியிலிருந்து துதிக்கை எப்படி இறங்குகிறது, பின்னங்கால்கள் உடல் எடையை எப்படித் தாங்குகின்றன என்று கவனிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர விளக்கத்தைவிட அது பலன் தரும்.

திருத்தத்தை அவர் தாளில் கிறுக்காதீர்கள். மேலே டிரேசிங் பேப்பர் வைத்து அதில் காட்டுங்கள்.

நிறம் ஏறும்போது அதிகம் கண்ணில் படுவது, நிழலுக்கெல்லாம் கறுப்பைப் பூசுவது. உருவம் தட்டையாகிவிடும். கருநீலத்தையும் அடர்பழுப்பையும் மாற்றி மாற்றி ஏற்றச் சொல்லுங்கள். பிடரிமயிரில் கோடுகள் மயிர் போகும் திசையில் ஓடுகின்றனவா என்பதையும் பாருங்கள். மெழுகுப் பென்சில் கனமாக ஏறிய இடத்தில் சில நாளில் வெண்மையாக ஒரு படலம் பூக்கும். விவரம் தெரியாமல் "கலர் டல்லா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் சார்ந்த பாலிகுரோமோஸ் போன்ற பென்சில்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி, சொல்லும் விதம். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன், கலைப் படைப்புகளுக்குக் கருத்துச் சொல்ல நான்கு படி முறை ஒன்றை உருவாக்கினார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தீர்ப்பை உள்ளே ஒளித்துவைக்காத கேள்வி. "ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு?" என்பது கேள்வி வடிவில் வந்த குற்றச்சாட்டு. "வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் சொல்லத் தொடங்கும்போதே, தலைக்கு இடமிருந்தும் காலுக்கு வலமிருந்தும் ஒளி விழுவதை அவரே கண்டுபிடிப்பார். உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுமுன் "வாலைப் பத்தி ஒண்ணு தோணுது, சொல்லலாமா?" என்று கேட்பதும் அதே முறையில் வருவதுதான். பத்து வருடம் மூத்தவரும் தாராளமாகக் கேட்கலாம்.

பாராட்டும் குறிப்பாக இருக்கட்டும். "செதில்ல பச்சைக்கு அடியில மஞ்சள் விட்டிருக்கீங்க, அதனாலதான் மின்னுது" என்றால் அவர் அதை மறுபடியும் செய்வார். ஒரு அமர்வில் இரண்டு திருத்தங்களுக்கு மேல் வேண்டாம். அவற்றில் எது வாடிக்கையாளர் கேட்டது, எது உங்கள் ரசனை என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். ரசனை என்றால் ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

படம் அச்சுக்குப் போகிறதென்றால் கடைசிப் பார்வையைத் தாளில் பார்க்காதீர்கள், ஸ்கேனில் பாருங்கள். இளமஞ்சளும் வெளிர்சிவப்பும் ஸ்கேனரில் காணாமல் போவதுண்டு. அந்த நிறங்களை இன்னும் ஒரு படலம் ஏற்றச் சொல்ல, தாளில் இடம் மிச்சம் இருக்கும்போதே ஒரு சோதனை ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.