நோன்பு மாதத்தில் பல் எனாமலைக் காப்பது எப்படி?

சம்மாந்துறையில் மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, சர்பத் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குள் போகும். 13 மணித்தியாலத்துக்கு மேல் காய்ந்திருந்த வாய் அது. அந்த நேரத்தில் எனாமலுக்கு நடப்பது தெரிந்தால், சாப்பாட்டைக் குறைக்காமலே பல்லைக் காக்கலாம்.

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 வீதம் கனிமம். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த ஹைட்ரொக்சி அபற்றைற் பளிங்குகள் மெல்லிய கோல்களாக அடுக்கப்பட்டு, உட்புறத்தில் பன்பாய் இழைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றன. முறுக்குக் கடிக்கையில் விழும் வெடிப்பு ஆழம் போகாமல் நிற்பது அந்தப் பின்னலால்தான். ஆனால் வாயில் அமிலம் கூடி, பிஎச் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் அதே பளிங்கு கரையத் தொடங்கும். எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், போனதைக் கட்ட ஆளில்லை. சிறு இழப்பை மட்டும் உமிழ்நீர் தன்னிடமுள்ள கல்சியத்தால் ஈடுசெய்யும். நோன்பில் குறைவது அந்த உமிழ்நீர்தான்.

முதலில் விடியுமுன் உண்ணும் சஹரைச் சரிசெய்யுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுவே. தயிரும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து தின்றுவிட்டுப் படுத்தால், பல்லிடுக்கில் தங்கிய சீனியைக் கிருமிகள் அமிலமாக்கும்; கழுவிவிட உமிழ்நீர் போதாது. பத்து நிமிடம் முந்திச் சாப்பிட்டு முடியுங்கள். வாய் கொப்பளித்து, புளோரைட்டு 1000 பிபிஎம்முக்குக் குறையாத பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்கி, சுபஹ் பாங்குக்கு முன் வாயைக் கழுவிவிடுங்கள். புளோரைட்டு பளிங்குக்குள் புகுந்தால், பிஎச் 4.5 அளவுவரை அது தாக்குப்பிடிக்கும்.

பகலில் மிஸ்வாக் குச்சி போதும். நுனியை மென்று தும்பாக்கி, ஈறிலிருந்து பல்நுனி நோக்கி மெதுவாக இழுங்கள். ஈறோரத்தில் எனாமல் மிக மெல்லியது. அங்கே குறுக்காக அழுத்தித் தேய்த்தால் பல் கூசத் தொடங்கும். நைந்த தும்பை வெட்டிவிடுங்கள்.

நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்துக்குப் பின் குடிக்கும் முதல் மிடறு தண்ணீரை வாயெல்லாம் சுழற்றி விழுங்குங்கள். தேசிக்காய் சர்பத்தைக் கஞ்சியோடு ஒரே தடவையில் குடித்து முடியுங்கள். தராவீஹ் தொழுகை வரை மிடறு மிடறாகக் குடித்தால் ஒவ்வொரு மிடறும் பிஎச்சை மறுபடி இறக்கும். அது மீள அரை மணித்தியாலமாவது வேண்டும். புளிப்புக் குடித்த கையோடு பல் துலக்கவும் வேண்டாம். அமிலத்தில் மென்மையான மேற்பரப்பைத் தூரிகை உரசி எடுத்துவிடும்.

படுக்குமுன் மறுபடி துலக்குங்கள். இப்போது நுரையைத் துப்பினால் போதும், வாயைக் கழுவ வேண்டாம்.

3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பற்பசை பட்டாணி அளவு, அதற்குக் குறைந்தவர்களுக்கு அரிசியளவு. எனாமல் உருவாகும் வயதில் புளோரைட்டு மிஞ்சினால் நிரந்தரப் பல்லில் வெள்ளை, பழுப்புக் கறை விழும். அம்பாறையின் உட்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். சிறு பிள்ளைகள் குடிப்பது கிணற்றுத் தண்ணீரானால் ஒருதடவை பரிசோதித்துவிடுங்கள்.

கடைசியாக, நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே கண்ணாடியில் ஈறோரத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெண்புள்ளி தெரிந்தால் உடனே பல் வைத்தியரிடம் போங்கள். அந்த இடம் உடையாதவரை புளோரைட்டால் மீட்கலாம். குழி விழுந்துவிட்டால் அடைப்பதைத் தவிர வழியில்லை.