தைக்கு இருவரும் வாருங்கள்

அன்புள்ள மலருக்கு,

 

போனில் நீ வருத்தப்பட்டது மனசிலேயே நிற்கிறது. ஒரு மாதம் கொடைக்கானல், மறுமாதம் மதுரையில் சினிமா, ராத்திரி ஓட்டல் சாப்பாடு. பில்லைப் பார்த்ததும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் முகம் வாடிவிடுகிறது, போகாமல் இருந்தால் சேர்ந்திருக்க நேரமே இல்லையென்று குறை. புதிதாகக் கல்யாணமானவர்கள் வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இருவரும் சேர்ந்து யாருக்காவது உழைக்க ஒதுக்கிப் பாருங்கள். செலவு மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தெரியாத குணமெல்லாம் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது தெரிந்துவிடும்.

நம் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்து, அதன்பின் டெல்லியில் மருத்துவம் படித்தவர். அவரும் கேரளத்து ஜி. ராமச்சந்திரனும் மணக்க விரும்பியபோது, ஒரு வருஷம் தொடர்பே இல்லாமல் பிரிந்திருந்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார் காந்தி. அப்படியே இருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940-இல் காந்தியின் ஆசியோடு கல்யாணம். 1947-இல் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் காந்திகிராமம். அம்மாவுக்கு வைத்தியம், ராமச்சந்திரனுக்குக் கல்வி. சின்னதாக ஆரம்பித்த மருத்துவ விடுதி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நீ பட்டம் வாங்கியதும் அங்கேதான். காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியும் அப்படித்தான். நாடு விடுதலையான பிறகே கல்யாணம் என்றிருந்து 1950-இல் மணந்தார்கள். நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதே அவர்கள் குடித்தனமாக இருந்தது.

அவ்வளவு பெரிதாக உங்களை யாரும் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் காரைக்குடி, நத்தம் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்கள் திண்டுக்கல்லைத் தாண்டித்தானே போகிறார்கள்? வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கிறார்கள். போன தையில் எங்கள் தெருப் பந்தலுக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையன் தரையில் உட்கார்ந்து, ஒரு பாட்டியின் காலை மடியில் வைத்துக் கொப்புளத்தைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினான். மோருக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். என்ன விலை கொடுத்து எந்த ஓட்டலில் அந்தப் பார்வையை வாங்க முடியும் மலர்?

சில விஷயங்களைக் கவனத்தில் வை. போய் நின்றவுடன் நீயாக ஒன்றைச் செய்யாதே. என்ன வேண்டும் என்று கேள். எச்சில் தம்ளர் கழுவச் சொன்னால் கழுவு. மாப்பிள்ளைக்கு வயரிங் தெரியும், உனக்குக் கணக்கு தெரியும். தெரிந்ததைக் கொடுத்தால் உதவி உதவியாக இருக்கும். வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடவே கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அலுத்துப்போன நாளில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். திரும்பும் வழியில் இரண்டு பேரும் ஒரு டீ குடியுங்கள், அன்றைக்குப் பார்த்ததைப் பேசுங்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

சினிமாவுக்கும் போங்கள், கொடைக்கானலுக்கு வருஷத்தில் ஒரு தடவை போனால் போதும். இந்தத் தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னாலேயே இருவரும் இங்கே வந்துவிடுங்கள். மோருக்குக் கறிவேப்பிலை உருவ எனக்கு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அத்தை