மங்கிய ஒளியை அளப்பது எப்படி?

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்ததையும், மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அப்பணி தடைப்பட்டதையும் மாணவியர் அறிவீர்கள். அந்த வாதத்தினுள் நாம் புகவில்லை. அக்கருவியின் 85 டன் சிறு மாதிரி ஒன்று மதுரையில் நிறுவப்பட்டது. அதன்மேல் பாயும் மியூவான் துகள்களில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் தப்பவிடாத காவலாகப் பிளாஸ்டிக் பட்டைகளை வடிவமைத்தனர். மியூவான் பாய்ந்தால் பட்டை மினுக்கும். மெல்லிய இழை வழியே சிறிதளவு ஒளியே உணரியை அடையும். இதை இரைச்சலிலிருந்து பிரித்தறிவது எப்படி?

இரைச்சல் என்றதும் காதில் விழும் சத்தம் என்று எண்ண வேண்டாம். மின்தடையிலுள்ள எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. அதனால் எழும் சிறு மின்னழுத்தமே இது. 1928இல் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கிட்டார்.

ஒளி டயோடில் 1 பிகோ ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். பெருக்கியின் பின்னூட்டத் தடை 1 மெகா ஓம் எனில் கிடைப்பது 1 மைக்ரோ வோல்ட். தடையை ஆயிரம் மடங்காக்கினால் குறியும் ஆயிரம் மடங்காகும்; இரைச்சலோ வர்க்கமூல விதிப்படி ஏறத்தாழ 32 மடங்கே! ஆகவே பெரிய தடையே நல்லது.

ஆனால் 1 ஜிகா ஓம் தடையோடு 1 பிகோ ஃபாரட் மின்தேக்குத்திறன் சேர்ந்தாலே சுற்று ஆயிரத்தில் ஒரு விநாடி சோம்பிவிடும். நட்சத்திர ஒளிக்கு அது போதும். மியூவான் மினுக்கு அதற்குள் மறைந்துவிடும். எனவே அங்கு ஒவ்வொரு எலெக்ட்ரானையும் ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருக்கும் சிலிக்கன் உணரியைப் பயன்படுத்தி, சிறிய தடையுடன் வேகத்தைக் காக்கின்றனர்.

நம் ஏலமலைச் சரிவில் இச்சுற்றைச் செய்வோருக்கு மூடுபனியே பெரும் பகை. பலகையில் படியும் ஈரமும் கைரேகையும் மின்சாரத்தைக் கசியவிடும். காப்புத்தடை 1 லட்சம் கோடி ஓம் இருந்தாலும், 10 வோல்ட்டில் கசிவது 10 பிகோ ஆம்பியர்: நம் குறியைப்போல் பத்து மடங்கு! பற்றாசு வைத்தபின் ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்துக. உள்ளீட்டு முனையைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் ஒரு செப்பு வளையம் இடுக. கசிவு அதனுள் போய்விடும். முழுச் சுற்றையும் மண்ணிணைப்புள்ள தகர டப்பாவில் வைக்கவும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் உணரியைக் கறுப்புத் துணியால் மூடி, இருள் அளவைக் குறித்துக்கொண்டு கழிக்கவும். காலைப் பனியில் குறித்த அளவு நண்பகலுக்குப் பொருந்தாது.